கடனில் எழுந்த அன்னக் கோட்டை

மாதா கோவில் கல்யாணங்களுக்குப் போயிருப்பீர்கள். கிறிஸ்தவ நண்பர் ஒருவராவது இல்லாத தமிழர் மும்பையிலோ பெங்களூரிலோ இருப்பாரா என்பது சந்தேகம். மணப்பெண் வெள்ளை உடையில், தகப்பனாரின் கையைப் பிடித்தபடி வாசலில் வந்து நிற்பாள். உடனே ஆர்கன் ஒரு மெட்டை வாசிக்கத் தொடங்கும். நிதானமாக அடி எடுத்து வைப்பதற்கென்றே அமைந்த மெட்டு. கூடியிருப்பவர்கள் அனைவரும் எழுந்து நிற்பார்கள்.

அந்த மெட்டு கோவிலுக்காக எழுதப்பட்டதல்ல. 'லோஹென்கிரின்' என்ற ஜெர்மன் இசை நாடகத்தில் வருவது. எழுதி இசை அமைத்தவர் ரிச்சர்டு வாக்னர். 1850-ல் வைமார் நகரில் முதன் முதலாக அரங்கேறியது. நம் பழைய நாடகக் கம்பெனிகளில் பாட்டுக்கு நடுவே வசனம் வரும். ஓப்ரா வகையைச் சேர்ந்த இந்த நாடகத்தில் வசனமே கிடையாது. சண்டை, சமாதானம், சாவு எல்லாம் பாட்டுதான்.

கதை இது. எல்சா என்ற பெண் மீது, தம்பியைக் கொன்றாள் என்று பொய்ப் பழி விழுகிறது. அவள் பக்கம் நின்று வாள் ஏந்த ஒருவரும் முன்வரவில்லை. அப்போது ஆற்றில் ஒரு படகு வருகிறது. அதை இழுத்து வருவது ஓர் அன்னம். படகில் நிற்கும் வீரன் அவளைக் காப்பாற்றுகிறான், மணக்கவும் சம்மதிக்கிறான். ஒரே நிபந்தனை: அவன் பெயர் என்ன, ஊர் எது என்று அவள் கேட்கவே கூடாது. கல்யாண இரவிலேயே அவள் கேட்டு விடுகிறாள். அவன் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அந்த மெட்டு ஒலிப்பது இந்தக் கல்யாணத்தில்தான். உலகம் முழுவதும் மணப்பெண்களை வரவேற்கும் பாட்டு, ஒரு நாள்கூட நிலைக்காத கல்யாணத்தின் பாட்டு!

இந்த நாடகத்தை 1861 பிப்ரவரியில் மியூனிக் நகரில் ஒரு பையன் பார்த்தான். வயது 15. பவேரியா நாட்டின் பட்டத்து இளவரசன். பெயர் லுட்விக். அன்று அவன் மனதில் ஏறிய அன்னம் கடைசி வரை இறங்கவில்லை. அதனால் ஒரு நாட்டின் அரச குடும்பம் கடனாளி ஆயிற்று. ஒரு மன்னரின் முடி பறிபோயிற்று. சுற்றுலாக் காலண்டர்களில் நாம் பார்க்கும் அந்த வெள்ளைக் கோட்டையும் எழுந்தது.

பதினெட்டு வயதில் பட்டம்

பவேரியா இன்று ஜெர்மனியின் ஒரு மாநிலம். அன்று தனி ராஜ்யம். லுட்விக் பிறந்தது 1845 ஆகஸ்டு 25. வளர்ந்தது பெரும்பாலும் ஆல்ப்ஸ் மலை அடிவாரத்திலுள்ள ஹோஹென்ஷ்வாங்காவ் கோட்டையில். இடிந்து கிடந்த பழைய கோட்டையைப் புதுப்பித்து, சுவர் முழுவதும் பழங்கதைச் சித்திரங்கள் தீட்ட வைத்திருந்தார் தகப்பனார். அந்தச் சித்திரங்களில் அன்னப் படகு வீரனும் இருந்தான். ஆகவே மியூனிக் மேடையில் திரை தூக்கியபோது இளவரசன் புதிதாக எதையும் பார்க்கவில்லை. வீட்டுச் சுவரில் இருந்தவன் இறங்கி வந்து பாடியதாகவே அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

1864 மார்ச் 10-ந் தேதி தகப்பனார் காலமானார். 18 வயதில் லுட்விக் மன்னர் ஆனார். ஆறடிக்கு மேல் உயரம், அழகன். ராஜ்ய நிர்வாகத்தில் பழக்கம் கிடையாது. புதிய மன்னர் சீக்கிரமே இட்ட கட்டளைகளில் ஒன்று: "வாக்னரைக் கண்டுபிடித்து அழைத்து வாருங்கள்" என்பது.

கண்டுபிடிப்பது சுலபமாக இல்லை. வாக்னர் அப்போது கடன்காரர்களுக்குப் பயந்து வியன்னாவிலிருந்து ஓடிக் கொண்டிருந்தார். வயது ஐம்பது. வருமானம் கொஞ்சம், செலவு ஜாஸ்தி. பட்டு மெத்தையும் பட்டு அங்கியும் இல்லாமல் அவருக்கு இசை வராது. மன்னரின் காரியதரிசி ஊர் ஊராகத் தேடி, கடைசியில் ஸ்டுட்கார்ட்டில் அவரைப் பிடித்தார். கதவைத் தட்டுவது கடன்காரன் என்றுதான் வாக்னர் முதலில் நினைத்தாராம். வந்ததோ மன்னரின் மோதிரமும் படமும்.

மே 4-ந் தேதி இருவரும் சந்தித்தார்கள். கடன்கள் அடைக்கப்பட்டன. வீடு, சம்பளம் எல்லாம் கிடைத்தன. வியன்னாவில் எழுபதுக்கும் மேற்பட்ட ஒத்திகை பார்த்து, "இது யாராலும் பாட முடியாது" என்று கைவிடப்பட்ட 'டிரிஸ்டனும் இசோல்டேயும்' நாடகம், 1865 ஜூன் 10-ந் தேதி மியூனிக்கில் அரங்கேறியது. மேல்நாட்டு இசையின் போக்கையே மாற்றிய நாள் அது என்று சங்கீத வித்வான்கள் சொல்கிறார்கள். அந்த மன்னரின் பணப்பை இல்லாவிட்டால் அந்த நாள் எப்போது வந்திருக்குமோ!

ஆனால் மியூனிக் மக்கள் வித்வான்கள் அல்லவே. கஜானாப் பணம் ஒரு பாட்டுக்காரனுக்குப் போகிறது என்று முணுமுணுத்தார்கள். மன்னரின் பாட்டனார், அவரும் லுட்விக்தான், லோலா மான்டெஸ் என்ற நாட்டியக்காரிமேல் கொண்ட மோகத்தால் 1848-ல் முடியை இழந்தவர். அதை மறக்காத ஊர், வாக்னருக்கு 'லோலுஸ்' என்று பட்டப் பெயர் வைத்தது. வாக்னரும் சும்மா இருக்கவில்லை. மந்திரிகளை மாற்றச் சொல்லி அரசியலில் மூக்கை நுழைத்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. பணம் மட்டும் தொடர்ந்து போய்க் கொண்டிருந்தது.

வாக்னரின் இன்னொரு முகத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. யூதர்களைப் பழித்து அவர் எழுதிய கட்டுரை 1850-ல் வெளிவந்தது. 1869-ல் அதையே தம் பெயரைப் போட்டு மறுபடி வெளியிட்டார். பிற்காலத்தில் ஹிட்லர் கூட்டம் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது தற்செயல் அல்ல. ஆனால் மன்னர் இந்த விஷயத்தில் குருவுக்குச் சிஷ்யர் அல்லர். 1882-ல் வாக்னரின் கடைசி நாடகமான 'பார்சிஃபால்' அரங்கேற மன்னரின் ஆஸ்தான வாத்தியக் குழு தேவைப்பட்டது. அதன் நடத்துநர் ஹெர்மன் லெவி, யூதர். வாக்னருக்கு மனமில்லை. மத வேற்றுமை இருந்தாலும் மனிதர் எல்லாரும் அடிப்படையில் சகோதரர்களே, இப்படிச் சண்டை போடுவது அருவருப்பானது என்று மன்னர் கடிதம் எழுதினார். லெவிதான் நடத்தினார்.

நாடு போயிற்று, நாடகம் வந்தது

1866-ல் ஆஸ்திரியாவோடு சேர்ந்து பிரஷ்யாவை எதிர்த்துப் போரிட்டது பவேரியா, தோற்றது. அதன் பிறகு, போர் வந்தால் பவேரியச் சேனை பிரஷ்யாவின் கட்டளைக்குக் கீழ் என்று ஒப்பந்தம். 1870-ல் பிரான்சுடன் போர். அந்தப் போரின் நடுவே ஜெர்மன் நாடுகளை ஒரே சாம்ராஜ்யமாக்க பிஸ்மார்க் திட்டமிட்டார். பிரஷ்ய மன்னருக்கு சக்கரவர்த்திப் பட்டத்தை அளிக்கும்படி ஜெர்மன் மன்னர்களில் ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும்; அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டவர் லுட்விக். கடிதத்தின் நகலைத் தயாரித்துக் கொடுத்ததே பிஸ்மார்க்தான். பிரதியுபகாரமாக மன்னருக்கு ரகசியமாகப் பணம் வந்து கொண்டிருந்தது.

குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்கு அவர் நிலைமை புரியும். மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, கையெழுத்தும் போட வேண்டும். தீர்மானிப்பது மட்டும் வேறு யாரோ. மற்ற மன்னர்கள் அதை ஏற்றுக்கொண்டு வேட்டையாடப் போனார்கள். லுட்விக் வேறொரு ராஜ்யத்தைக் கட்டப் போனார்; அங்கே அவரே மன்னர், அவர் ஒருவரே பிரஜை.

1869 செப்டம்பர் 5-ந் தேதி, தாம் வளர்ந்த கோட்டைக்கு எதிரிலுள்ள மலை முகட்டில் அஸ்திவாரக் கல் நாட்டினார். அங்கிருந்த பழைய இடிபாடுகளை அகற்றி, பாறையை வெடி வைத்துத் தகர்த்து இடம் செய்தார்கள். இன்று அதன் பெயர் நொய்ஷ்வான்ஸ்டைன். பிரித்துப் பார்த்தால் எளிது: புதிய, அன்ன, கல். அந்தப் பெயர்கூட மன்னர் இறந்த பிறகு வைத்ததுதான்.

கோட்டைக்கு முதலில் படம் வரைந்தவர் கட்டடக் கலைஞர் அல்லர். கிறிஸ்டியான் யாங்க் என்ற நாடக மேடைக் காட்சி ஓவியர். அவர் தீட்டிய காட்சியை எடுவார்ட் ரீடல் முதலிய கட்டடக் கலைஞர்கள் கல்லாக்கினார்கள். அதாவது ஊரில் கோட்டையைப் பார்த்து மேடையில் 'சீன்' எழுதுவார்கள். இங்கே 'சீன்' எழுதியதைப் பார்த்துக் கோட்டை கட்டினார்கள். பீரங்கி யுகத்தில் யாரும் இப்படிக் கோபுரங்களோடு கோட்டை கட்டுவதில்லை. எதிரி என்று எவனும் இல்லாத கோட்டை இது.

உள்ளே ஒவ்வோர் அறையிலும் பழங்கதைச் சித்திரங்கள்: வரவேற்பறையில் அன்னப் படகு வீரன், படுக்கையறையில் டிரிஸ்டன், மேல் மாடியில் பாடகர் மண்டபம். படுக்கையறையின் மர வேலைக்கு மட்டும் 14 தச்சுச் சிற்பிகள் நான்கு வருஷத்துக்கு மேல் உளி பிடித்தார்கள் என்பது கணக்கு. அதே சமயம், பழமை வேஷம் போட்ட இந்தக் கட்டடத்துக்குள் அந்தக் காலத்தின் நூதனங்கள் எல்லாம் இருந்தன. சுடு காற்றால் அறைகளைச் சூடாக்கும் ஏற்பாடு, எல்லா மாடியிலும் குழாய்த் தண்ணீர், தானே நீர் பாயும் கக்கூஸ், வேலைக்காரரைக் கூப்பிட மின்சார மணி, சமையலறையிலிருந்து சாப்பாடு ஏறும் லிப்ட், டெலிபோன்! சுவரைத் தட்டினால் கல், அதற்குள்ளே செங்கல்.

கல் சுமந்தவர்கள்

1879, 1880 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டும் மலைக்கு ஏறிய சாமான்கள்: சால்ஸ்பர்க் சலவைக்கல் 465 டன், மணற்கல் 1,550 டன், செங்கல் 4 லட்சம். நீராவிக் கிரேன் வைத்து ஏற்றினார்கள். சாதாரண நாளில் சுமார் 200 பேர் வேலை. மன்னர் அவசரப்படுத்தினால் 300 பேர். இரவிலும் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வேலை நடந்தது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். உயரத்தில், பாறை விளிம்பில், பனிக் காலத்தில், இரவில் வேலை. விழாமல் இருப்பார்களா? விழுந்தார்கள், இறந்தவர்களும் உண்டு. 1870 ஏப்ரல் 2-ந் தேதியே அந்தக் கட்டடத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சங்கம் அமைந்தது. தொழிலாளி மாதாமாதம் சிறு சந்தா கட்டுவார். மன்னர் தம் பங்காக ஒரு தொகை சேர்ப்பார். நோயில் படுத்தாலோ அடிபட்டாலோ 15 வாரம் வரை சம்பளம் கிடைக்கும். இறந்து போனால் குடும்பத்துக்குச் சிறு பென்ஷன். பிஸ்மார்க்கின் பிரசித்தி பெற்ற நோய்க்கால இன்ஷூரன்ஸ் சட்டம் வந்தது 1883-ல்தான். நம் நாட்டில் இ.எஸ்.ஐ. சட்டம் 1948-ல். ஆஸ்பத்திரி வரிசையில் இ.எஸ்.ஐ. கார்டோடு நின்ற அனுபவம் உள்ளவர்கள், 'கனவுலகில் மிதந்தவர்' என்று சரித்திரம் சொல்லும் இந்த மன்னரின் கணக்குப் புத்தகத்தில் இந்த ஒரு வரியையும் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

இதற்காக அவரைத் தர்மராஜா ஆக்கிவிட முடியாது. வீட்டு வேலைக்காரர்கள் பாடு வேறு. மன்னர் மாலையில் எழுவார். மதிய உணவு நள்ளிரவில். பனி இரவுகளில் தங்க வேலைப்பாடு செய்த சறுக்கு வண்டியில் மலைப் பாதைகளில் சுற்றுவார். அத்தனை பேரும் அந்த நேரத்துக்கு விழித்திருக்க வேண்டும். கடைசிக் காலத்தில் கடுமையாகத் தண்டித்தார் என்றும் வேலைக்காரர்கள் சாட்சி சொன்னார்கள்.

14 வயதில் அரண்மனைச் சமையலறையில் எடுபிடியாகச் சேர்ந்த தியோடர் ஹியர்னைஸ் என்பவர், முதுமையில் தம் ஞாபகங்களை எழுதினார். மன்னர் தனியாகத்தான் சாப்பிடுவார். ஆனால் சமையல் பல பேருக்கு. மேசையில் காலியாக இருக்கும் நாற்காலிகளில் பிரெஞ்சு ராஜாக்களும் ராணிகளும் உட்கார்ந்திருப்பதாக அவர் பாவித்தார் என்கிறார்கள். லிண்டர்ஹாஃப் என்ற அவரது இன்னொரு அரண்மனையில், பரிமாறுபவர் முகம்கூடப் படாமல் இருக்க, சாப்பாட்டு மேசையே தரைக்குள் இறங்கிச் சமையலறையில் நிரம்பி மேலே ஏறி வரும். அங்கேயே ஒரு செயற்கைக் குகை. உள்ளே குளம், படகு, கலர் கலராக மாறும் மின்சார விளக்கு. 24 டைனமோக்கள் சுழன்று அதற்கு வெளிச்சம் தந்தன. பவேரியக் குடியானவன் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலம் அது.

மூன்றாவது அரண்மனை கீம் ஏரித் தீவில். பிரான்சின் வெர்சேல்ஸ் மாளிகையைப் பார்த்துக் கட்டியது. அதன் கண்ணாடி மண்டபம் அசலை விட நீளம். 1878-ல் தொடங்கி கோடிக் கணக்கில் செலவிட்டு, அதில் மன்னர் தங்கியது சுமார் பத்தே நாள்.

பார்க்காமலே எழுதிய சர்டிபிகேட்

கடன் 1885-ல் சுமார் 1 கோடியே 40 லட்சம் மார்க். அஸ்திவாரம் போடும்போது நொய்ஷ்வான்ஸ்டைனுக்குப் போட்ட மதிப்பு 32 லட்சம். மன்னர் இறக்கும்போது ஆகியிருந்த செலவு 62 லட்சம். வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. அரசாங்கக் கஜானாவிலிருந்து அவர் கட்டவில்லை. தம் சொந்த வருமானத்திலும் கடனிலும் கட்டினார் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் கடன் கொடுத்தவர்கள் ஜப்திக்கு வருவதாக மிரட்டினார்கள். மன்னரோ இன்னும் கடன் வாங்கி வரும்படி நாலா பக்கமும் ஆள் அனுப்பினார். மந்திரிகளை மாற்றப் போகிறார் என்றும் பேச்சு எழுந்தது.

மந்திரிகள் முந்திக்கொண்டார்கள். பவேரிய அரசியல் சட்டப்படி, ஒரு மன்னரால் ஓர் ஆண்டுக்கு மேல் ஆட்சி நடத்த முடியாதென்று ஏற்பட்டால் பிரதிநிதியை நியமிக்கலாம். அதற்கு ஒரு வைத்தியச் சான்று வேண்டும். 1886 ஜூன் 8-ந் தேதி நான்கு மனோவியாதி டாக்டர்கள் கையெழுத்திட்டு அளித்தார்கள்: மன்னருக்குச் சித்தப்பிரமை, குணமாகாது. அந்த நால்வரில் ஒருவர்கூட அதற்காக மன்னரைப் பரிசோதிக்கவில்லை. வேலைக்காரர்களின் வாக்குமூலங்களையும் கடிதக் கட்டுகளையும் படித்தே எழுதினார்கள்.

ஜூன் 10-ந் தேதி விடிவதற்குள் ஒரு கமிஷன் கோட்டை வாசலுக்கு வந்தது. உள்ளூர்ப் போலீஸ் உள்ளே விடவில்லை. சேதி பரவி, சுற்று வட்டாரக் குடியானவர்களும் தீயணைப்புப் படையினரும் தங்கள் ராஜாவைக் காக்க மலை ஏறி வந்துவிட்டார்கள். மன்னர் கமிஷனையே கைது செய்து கோட்டைக்குள் அடைத்தார். சில மணி நேரம் கழித்து விட்டுவிட்டார். ஆனால் அதே நாளில் மியூனிக்கில் சித்தப்பா லுயிட்போல்டு ஆட்சிப் பிரதிநிதி என்று பிரகடனம் வெளியாகிவிட்டது. காவல் மாறியது. 12-ந் தேதி அதிகாலை, டாக்டர் குடன் தலைமையில் வந்தவர்கள் மன்னரை வண்டியில் ஏற்றினார்கள்.

அப்போது மன்னர் டாக்டரிடம் கேட்டாராம்: என்னைப் பரிசோதிக்காமலே எனக்குப் பைத்தியம் என்று எப்படிச் சொல்கிறீர்? பரிசோதனை தேவையில்லை, தஸ்தாவேஜுகளே போதும் என்றாராம் டாக்டர்.

டாக்டர் குடன் கெட்டவர் அல்லர். பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைக் கட்டிப் போடும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று பாடுபட்டவர். மன்னரின் தம்பி ஓட்டோவுக்கு உண்மையாகவே மூளைக் கோளாறு. அவருக்கு வைத்தியம் பார்த்தவரும் இவரே. அண்ணனுக்கும் அதுவே என்று மனதார நம்பியிருக்கலாம். லுட்விக் விசித்திரமானவர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் டாக்டர்கள் எழுதிய வியாதிதானா அவருக்கு என்பதில் பிற்கால மருத்துவர்களே பலர் கருத்து வேறுபடுகிறார்கள். கடன் இல்லாமல் இதே விசித்திரங்கள் மட்டும் இருந்திருந்தால் அந்தச் சர்டிபிகேட் எழுதப்பட்டிருக்குமா? எனக்குத் தோன்றவில்லை.

மன்னரை ஸ்டார்ன்பெர்க் ஏரிக் கரையிலுள்ள பெர்க் மாளிகையில் வைத்தார்கள். 13-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறரை மணி வாக்கில் மன்னரும் டாக்டரும் ஏரிக் கரையில் உலாவப் போனார்கள். பின்னால் காவலர் வர வேண்டாம் என்று டாக்டரே சொல்லி அனுப்பினார். எட்டு மணி ஆகியும் திரும்பவில்லை. மழை. விளக்கு எடுத்துக்கொண்டு தேடினார்கள். இரவு பதினொரு மணி சுமாருக்கு, கரைக்குப் பக்கத்தில் ஆழமில்லாத தண்ணீரில் இருவரும் பிணமாகக் கிடைத்தார்கள். மன்னரின் கடிகாரம் 6.54-க்கு நின்றிருந்தது. அரசாங்கம், மன்னர் தற்கொலை செய்துகொண்டார் என்றது. கொலை என்றார்கள் மக்கள். தப்பி நீந்தப் பார்த்தார் என்பவரும் உண்டு. பார்த்த சாட்சி யாருமில்லை. மன்னருக்கு வயது 40.

ஏழே வாரத்தில் டிக்கெட்

தாம் இறந்த பின் கோட்டையை இடித்துவிட வேண்டும், அந்நியர் கண் படக் கூடாது என்பது மன்னரின் விருப்பம் என்று சொல்வார்கள். ஆகஸ்டு 1-ந் தேதியே கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுஜனங்களை உள்ளே விட்டார்கள். தகனமோ சமாதியோ, நம் ஊர் வழக்கப்படி வருஷாப்தி முடியும் வரையாவது வீட்டில் ஒரு மரியாதை இருக்கும். இங்கே ஏழே வாரம்தான் ஆகியிருந்தது. முடியாமல் கிடந்த கட்டடத்தை அவசரமாக ஒப்பேற்றினார்கள். டிக்கெட் பணமும் அரச குடும்ப வருமானமும் சேர்ந்து, 1899-க்குள் கட்டடக் கடன் முழுவதும் அடைந்துவிட்டது.

தம் நாடகங்களால் எழுந்த இந்தக் கோட்டையை வாக்னர் பார்க்கவே இல்லை. 1883 பிப்ரவரியில் வெனிஸ் நகரில் காலமானார். ஆனால் அவருக்கென்று பைராய்ட் ஊரில் எழும்பிய நாடக சாலை, நடுவழியில் பணமில்லாமல் நின்றபோது, 1874-ல் ஒரு லட்சம் தாலர் கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்தியவர் லுட்விக். 1876-ல் அங்கே தொடங்கிய விழாவுக்கு டிக்கெட் கிடைப்பது வெகு காலம் கஷ்டமாக இருந்தது. மன்னர் உயிர் கொடுத்த 'வால்க்யூரி' நாடகத்தின் குதிரைப் பாய்ச்சல் இசையை, 1979-ல் வந்த 'அபோகலிப்ஸ் நவ்' என்ற ஹாலிவுட் படத்தில் ஹெலிகாப்டர்கள் குண்டு போடும் காட்சியில் கேட்டவர்கள் நம்மிலும் இருப்பார்கள்.

இலக்கியத்துக்கு வருவோம். 1933 பிப்ரவரியில் வாக்னர் இறந்த ஐம்பதாம் ஆண்டு. நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் தாமஸ் மான், மியூனிக் பல்கலைக் கழகத்தில் வாக்னரைப் பற்றிப் பேசினார். வாக்னரின் பெருமையையும் குறையையும் ஒன்றாகச் சொன்ன பேச்சு. ஹிட்லர் பதவிக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் மான் வெளிநாடு புறப்பட்டார். 'வாக்னரை அவமதித்தார்' என்று மியூனிக்கின் பெரிய மனிதர்கள் கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள். மான் வீடு திரும்பவில்லை. பதினாறு ஆண்டு கழித்துத்தான் மறுபடி ஜெர்மன் மண்ணை மிதித்தார்.

அவருடைய மகன் கிளாஸ் மானும் அகதி. 1937-ல் ஆம்ஸ்டர்டாமில் 'கம்பி போட்ட ஜன்னல்' என்ற பொருள்படும் குறுநாவல் ஒன்றை வெளியிட்டார். அதன் நாயகன் லுட்விக் மன்னர். பெர்க் மாளிகையில் அடைபட்ட கடைசி நேரங்களே கதை. ஊரை விட்டுத் துரத்தப்பட்ட ஒருவர், அறைக்குள் அடைக்கப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதியது. கோட்டையின் கதையும் அப்போது நன்றாயில்லை. பிரான்சில் யூதக் குடும்பங்களிடம் கொள்ளையடித்த ஓவியங்களையும் நகைகளையும் நாஜிகள் கொண்டுவந்து குவித்தது இந்த நொய்ஷ்வான்ஸ்டைனில்தான். 1945-ல் அமெரிக்கச் சேனை வந்து கண்டெடுத்தது.

சமையல்காரர் சொன்ன படம்

சினிமாக்காரர்கள் இந்த மன்னரை விடவே இல்லை. மௌனப் பட காலத்திலிருந்து படங்கள் வந்தபடி இருக்கின்றன. 1955-ல் ஓ.டபிள்யூ. ஃபிஷர் மன்னராக நடித்த வண்ணப் படம் ஜெர்மனியில் வந்தது. 1973-ல் இத்தாலிய டைரக்டர் விஸ்கான்டி, அசல் அரண்மனைகளுக்கே போய் எடுத்த படம் வெளிவந்தது. மன்னராக ஆஸ்திரிய நடிகர் ஹெல்முட் பெர்கர். ஆஸ்திரிய ராணி எலிசபெத்தாக ரோமி ஷ்னைடர். இளம் வயதில் 'சிஸ்ஸி' படங்களில் அதே ராணியாக நடித்து ஜெர்மானியர் வீட்டுப் பெண் போல ஆனவர் அவர். நான்கு மணி நேரப் படம். விநியோகஸ்தர்கள் வெட்டித் தள்ளினார்கள். விஸ்கான்டி 1976-ல் காலமான பிறகு, அவரோடு வேலை பார்த்தவர்கள் படத்தை விலைக்கு வாங்கி, வெட்டியதைச் சேர்த்து ஒட்டினார்கள்.

எனக்குப் பிடித்தது இவ்வளவு பெரிய படம் அல்ல. ஹான்ஸ் யூர்கன் ஸீபர்பெர்க் என்ற ஜெர்மன் டைரக்டர் 1972-ல் மன்னரைப் பற்றி ஸ்டூடியோவுக்குள்ளேயே ஒரு படம் எடுத்தார். பின்னால் திரையில் படங்களைக் காட்டி, மேடை நாடகம் போலவே. கையோடு இன்னொரு சிறு படமும் எடுத்தார். அதில் ஒரே நடிகர், வால்டர் ஸெடல்மையர். மேலே சொன்ன சமையல் எடுபிடி ஹியர்னைஸாக வந்து, அரண்மனை அரண்மனையாக நடந்தபடி கதை சொல்கிறார். இந்த மாடிப்படி வழியாக எத்தனை தட்டு ஏறியது, எந்த நேரத்தில் அடுப்பு மூட்டினோம், ராஜா என்ன சாப்பிட்டார் என்று. மன்னர் படத்தில் வருவதே இல்லை. பெரிய வீட்டு வாழ்க்கையைப் பின்கட்டு வழியாகப் பார்த்த ஒருவனுடைய பேச்சு. நம் பெருநகரங்களிலுள்ள மாக்ஸ் முல்லர் பவன்களில் பழைய ஜெர்மன் படங்கள் திரையிடுவார்கள். இந்தப் படம் எப்போதாவது வந்தால் தவற விடாதீர்கள். பாஷை தெரியாவிட்டாலும் அந்த நடை புரியும்.

வால்ட் டிஸ்னி தம் முதல் டிஸ்னிலாந்தில் 1955-ல் கட்டிய மாயக் கோட்டைக்கு முன்மாதிரி நொய்ஷ்வான்ஸ்டைன் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். நாடகக் 'சீன்' கோட்டையாகி, கோட்டை மறுபடி 'சீன்' ஆயிற்று.

2025 ஜூலையில் லுட்விக் மன்னரின் அரண்மனைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்த்தது. நொய்ஷ்வான்ஸ்டைனுக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 14 லட்சம் பேர் வருகிறார்கள். ஒரே ஒருவர் வசிப்பதற்காகக் கட்டிய கோட்டை. அந்த ஒருவர் அதில் தங்கியது மொத்தம் 172 நாள். சுற்றிலுமுள்ள ஊர்களில் ஓட்டல்காரர், குதிரை வண்டிக்காரர், பஸ் டிரைவர், பொம்மைக் கடைக்காரர் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு அதில்தான் பிழைப்பு.

டிக்கெட்டில் குறித்த நிமிஷத்தில் கூட்டம் கூட்டமாக உள்ளே விடுகிறார்கள். சுமார் அரை மணி நேரம். போட்டோ எடுக்கக் கூடாது. சிம்மாசன மண்டபத்துக்கு வந்ததும் எல்லோரும் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிறார்கள். தரையில் பல நிறக் கற்களால் மிருகங்களும் செடிகொடிகளும். விதானத்தில் நட்சத்திரங்கள். எதிரே வெள்ளைச் சலவைக்கல் படிகள் மேலே போகின்றன. மேலே மாடத்தில் ஒன்றும் இல்லை. சிம்மாசனம் செய்து முடிவதற்குள் மன்னர் போய்விட்டார். பிறகு யாரும் அதைச் செய்யவில்லை. வழிகாட்டி அதைச் சொல்லிவிட்டு, அடுத்த கூட்டம் பின்னால் வந்துவிட்டதென்று வெளியே போகும் வழியைக் காட்டுகிறார்.